எடையும் உயரமும்: உடல் நிறைக் குறியீட்டெண் குறித்து ஒரு விளக்கம்

கொடைக்கானல் செல்வோர் ஏரியையும் தூண் பாறைகளையும் கண்டு திரும்புவர். அங்குள்ள ஞாயிற்று ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்ப்போர் சிலரே. 1899-இல் செயற்படத் தொடங்கிய அந்நிலையம் தோன்றியதற்குச் சென்னை மாகாணத்துப் பஞ்சமும் ஒரு காரணம். கதிரவனை ஆராய்ந்தால் பருவமழையின் போக்கு விளங்கும் என அக்காலத்தார் கருதினர். வானை அளப்பதற்கும் மனிதர் வயிற்றுக்கும் இவ்வாறு ஓர் உறவு ஏற்பட்டது. பி.எம்.ஐ. என மருத்துவர் சீட்டில் எழுதும் உடல் நிறைக் குறியீட்டெண்ணின் வரலாறும் இத்தகையதே. அதனை வகுத்தவர் மருத்துவர் அல்லர். பிரஸ்ஸல்ஸ் நகரில் வான்நோக்கு நிலையம் அமைத்த பெல்ஜியக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே (1796-1874).

பலமுறை அளந்து சராசரி காண்பது வானியலார் வழக்கம். அம்முறையை மக்கள்மீது செலுத்தி, ‘சராசரி மனிதன்’ எத்தகையவன் எனத் தேடினார் கெட்லே. வளர்ந்தோரின் எடை உயரத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதை 1830-களில் கண்டார். (கனசதுரக் கல்லாயின் மும்மடியாய் வளரும்; மனிதன் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெருப்பதில்லை.) 1972-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஏன்சல் கீஸும் அவர்தம் குழுவினரும் இதற்கு இன்றைய பெயரை இட்டனர்.

கணக்கு எளிது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொள்க. உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, வந்த தொகையால் எடையை வகுக்க. 165 செ.மீ. உயரமும் 68 கிலோ எடையும் உடைய ஆசிரியர் ஒருவரை எண்ணுவோம். 1.65 × 1.65 = 2.7225, 68 ÷ 2.7225 = 24.98. நம்மில் பலர்க்கு உயரம் அடி, அங்குலக் கணக்கில்தான் நினைவில் நிற்கும். மொத்த அங்குலத்தை 2.54-ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர் கிடைக்கும். காலணியைக் கழற்றிச் சுவரோடு ஒட்டி நின்று அளக்க வேண்டும். உயரம் இருமுறை பெருக்கப்படுவதால் அதில் நேரும் சிறு பிழையும் விடையை மாற்றிவிடும்.

மலைமேல் எடை குறையுமே என மாணாக்கர் வினவலாம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. புவியீர்ப்பு அங்குச் சற்றுக் குறைவு என்பது மெய்யே. ஆயினும் 70 கிலோ மனிதர்க்கு வில்தராசு காட்டும் வேறுபாடு 50 கிராம்கூட இராது. அவர் அணிந்த கம்பளிச் சட்டை அதனினும் கனமானது!

இனி ஆசிரியரின் 24.98-க்கு வருவோம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் பொது அட்டவணைப்படி 18.5-க்குக் கீழ் எடைக்குறைவு. 25 முதல் மிகை எடை. 30 முதல் பருமன். ஆசிரியர் மயிரிழையில் தப்பினார். ஆனால் ஆசிய மக்களுக்கு 23-இலிருந்தே எச்சரிக்கை வேண்டும் என அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் குறித்தது. 2009-இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் வெளியிட்ட வரையறையோ 23 முதல் மிகை எடை, 25 முதல் பருமன் என்கிறது. இதன்படி நம் ஆசிரியர் ஐந்தரைக் கிலோ குறைந்தாக வேண்டும்.

நமக்கு மட்டும் ஏன் இக்கடுமை? 2004-இல் ‘லான்செட்’ இதழில் இரு மருத்துவர்களின் ஒப்பீடு வெளிவந்தது. ஒருவர் புனேயின் யாஜ்னிக். மற்றவர் இங்கிலாந்தின் யுட்கின். இருவர்க்கும் குறியீட்டெண் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! ‘அவர் ஒல்லியாகத்தானே இருந்தார், சர்க்கரை நோய் எப்படி வந்தது?’ என்று நம் வீடுகளில் எழும் கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இங்கே உள்ளது.

தசை எது, கொழுப்பு எது எனக் குறியீட்டெண் அறியாது. மோட்டார்ச் சாலை அமையுமுன், மலையடிவாரத்திலிருந்து வெள்ளையரை டோலியில் வைத்துச் சுமைகாரர் கொடைக்கானலுக்கு ஏற்றினர். தூக்கியவர்க்கும் அமர்ந்தவர்க்கும் ஒரே எண் வந்திருக்கவும் கூடும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்குத் தனி அட்டவணை உண்டு. கருவுற்ற மகளிர்க்கு இக்கணக்குப் பொருந்தாது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மகளிரில் 40.4 விழுக்காட்டினர்க்கும் ஆடவரில் 37 விழுக்காட்டினர்க்கும் குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேல். 2015-16-இல் இவை முறையே 30.9, 28.2. மறுபுறம், எட்டில் ஒருவர் இன்னும் 18.5-க்குக் கீழே இருக்கின்றனர். பெருத்த மாணவனை நகையாடும் நாம், குறியீட்டெண் 17 உள்ள மாணவியைக் கொடியிடையாள் எனப் புகழ்ந்துவிடுகிறோம். இரண்டும் தவறு என்பது என் கருத்து.

பருமனை இவ்வெண் ஒன்றாலேயே முடிவு செய்யலாகாது என 2025 சனவரியில் பன்னாட்டு வல்லுநர் குழுவும் அறிவித்தது; இடுப்புச் சுற்றளவு போன்ற வேறோர் அளவும் வேண்டும். இந்தியரில் ஆடவர்க்கு 90 செ.மீ., மகளிர்க்கு 80 செ.மீ. எல்லையாகும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளப்பதில் பயனில்லை.