உங்களுக்குத் தெரியுமா? நுவரெலியா ஓடையில் ட்ரவுட்

வெள்ளவத்தை மீன்கடையில் பாரையும் அறக்குளாவும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ட்ரவுட் புதிதாகத்தான் தெரியும். ஆனால் 1882இலேயே வெள்ளைக்காரர் அதன் முட்டைகளைத் தருவித்து நுவரெலியாவில் பொரிக்க வைத்துவிட்டார்கள். முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் நம் ஓடைகளில் இனம் பெருக்கவில்லை. பின்னால் வந்த வானவில் ட்ரவுட்தான் ஹோட்டன் சமவெளியில் நிலைத்தது. பசிபிக் சால்மனுக்கு அது நெருங்கிய சொந்தம். 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகமும் தொடங்கியது. தோட்டத் துரைமாருக்குப் பொழுதுபோக வேண்டாமா?

தூண்டிலில் புழு கிடையாது. முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிதான். அதற்குப் பாரமே இல்லை. தடித்த தூண்டில் கயிற்றின் பாரந்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஓடையில் போடுகிறது.

ஹோட்டன் சமவெளி ஓடைகளில் மட்டுமே வாழும் குட்டி இறால் ஒன்றும் உண்டு. வந்தேறி ட்ரவுட்டின் வாய்க்கு அதுவும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.