பேசித் தீருமா? எத்தனை நாள் பேச வேண்டும்?

"டீச்சர், வாராவாரம் உக்காந்து பேசிட்டு வர்றதுக்கு ஒரு வருசம் வேணுங்களா? இதுல குணமாகும்னு ருசு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

நல்லேப்பிள்ளியில் எங்கள் தெருவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அக்கா கேட்ட கேள்வி இது. அவருடைய மகளுக்கு மனச்சோர்வு. மாத்திரைகளை மாற்றிக் கொடுத்துப் பார்த்தும் முழுதாகத் தெளியவில்லை. இப்போது கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வழியாக வாரம் ஒருமுறை கோவைக்குப் போய் மனநல ஆலோசகரிடம் பேசிவிட்டு வருகிறாள். பாலக்காட்டிலும் நல்ல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் ஆபீசுக்கும் கடைவீதிக்கும் தாராளமாக வரும். அப்பா இறந்த இரவைப் பற்றிச் சொல்லத் தமிழ்தான் வரும். அதனால் கோவை. ஒரு தடவை போய்வந்தால் அன்றைய வேலை கெடும். ஃபீஸும் பஸ் காசும் சேர்த்தால் தோப்பில் ஒரு ஆளுக்குக் கொடுக்கும் கூலியைத் தாண்டும்.

இவ்வளவு செலவழிப்பவர் ருசு கேட்பது நியாயம். தமிழ் மீடியத்தில் உயிரியல் நடத்தியவள் என்பதால், அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

"எனக்குக் குணமாச்சு" என்று ஒருவர் சொல்வது மட்டும் ஆதாரமாகாது. மனச்சோர்வு பலருக்குத் தானாகவே ஏறும், இறங்கும். 1952-இல் ஹான்ஸ் ஐசென்க் என்ற லண்டன் உளவியலாளர், நரம்புத்தளர்ச்சி என்று அன்று சொல்லப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சிகிச்சை இல்லாமலேயே இரண்டு ஆண்டுக்குள் தேறிவிடுகிறார்கள் என்று எழுதினார். அவருடைய கணக்கைப் பின்னால் வந்தவர்கள் பலமாக மறுத்தார்கள். ஆனால், சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று அவர் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது. புது உரம் நல்லதா என்று தெரிய, ஒரே வயலில் பாதிக்குப் போட்டு, மீதியை வழக்கம்போல் விட்டுப் பார்ப்போம் அல்லவா? மருத்துவத்திலும் அதே முறைதான். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் புதிய சிகிச்சை கொடுத்துப் பார்ப்பார்கள்.

அப்படிப் பார்த்தால், சில வாரங்களில் முடியும் பேச்சு சிகிச்சைக்கு நம் நாட்டிலேயே வலுவான ஆதாரம் இருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேரிடம் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்கத் என்ற அமைப்பினரும் ஆய்வு செய்தார்கள். பேசியவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு சந்திப்புகள்தான். மூன்று மாதத்தில், பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். மற்றக் குழுவில் 39 சதவீதம். 2017-இல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நீடித்தது.

நீண்ட காலச் சிகிச்சைக்கு வந்தால் கதை சிக்கலாகிறது. ஃபல்க் லைக்சன்ரிங், சுவென் ராபுங் என்ற ஜெர்மன் ஆய்வாளர்கள் 2008-இல் 23 ஆய்வுகளைத் தொகுத்து, ஓராண்டாவது அல்லது 50 சந்திப்பாவது நடக்கும் உளப்பகுப்பாய்வு வகைச் சிகிச்சை, அதாவது பழைய அனுபவங்களை அலசிப் பேசும் சிகிச்சை, மிகப் பெரிய பலன் தருகிறது என்றார்கள். கணக்கிட்ட முறையே தவறு என்று மறுப்புகள் வந்தன. 2011-இல் அவர்களே திரும்பக் கணக்கிட்டபோது பலன் இருந்தது, ஆனால் வெகுவாகச் சுருங்கியிருந்தது. 2012-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் குலுக்கல் முறை ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்து, ஆதாரம் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது என்றார்கள்.

அக்காவின் மகளுக்கு மிக நெருக்கமான ஆய்வு லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் நடந்தது, 2015-இல் வெளியானது. குறைந்தது இரண்டு சிகிச்சை எடுத்தும் தேறாத, நாள்பட்ட மனச்சோர்வு கொண்ட 129 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒருமுறை, 18 மாதம் பேச்சு சிகிச்சை. மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 18 மாதம் முடிந்தபோது இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கும் இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 30 சதவீதம் பேர் ஓரளவாவது தேறியிருந்தார்கள், மறுபாதியில் 4.4 சதவீதம் மட்டும். பலன் தாமதமாகவே வந்தது.

இதை நான் அக்காவிடம் சொன்னபோது, இரண்டு குறைகளையும் சேர்த்தே சொன்னேன். பேச்சு சிகிச்சை பெற்றவர்களிலும் பத்தில் ஏழு பேர் அந்த அளவுக்குத் தேறவில்லை. மற்றக் குழுவுக்கு வாராவாரம் ஒரு மனிதர் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டதும் இல்லை. ஆகவே அந்தச் சிகிச்சை முறையால் தேறினார்களா, தொடர்ந்து கிடைத்த கவனிப்பால் தேறினார்களா என்று இந்த ஒரு ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

பின்லாந்தின் ஹெல்சின்கியில் 326 பேரிடம் நடந்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது. முதல் வருடம் குறுகிய சிகிச்சை பெற்றவர்கள் முந்தினார்கள்; மூன்றாம் வருட முடிவில் நீண்ட சிகிச்சை பெற்றவர்கள் முந்தினார்கள். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஆளுமைக் கோளாறுகளில் நிலைமை இன்னும் தெளிவு. ஆன்டனி பேட்மன், பீட்டர் ஃபோனகி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 41 பேரை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நீண்ட சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதம் பேர் தற்கொலைக்கு முயன்றார்கள். மற்றவர்களில் 74 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்த வித்தியாசத்தை ஒதுக்கிவிட முடியாது.

இவற்றையெல்லாம் படித்து நான் வந்த முடிவு இது. மனச்சோர்வுக்கு முதலில் குறுகிய சிகிச்சையே போதும். பெரும்பாலானவர்களுக்கு நீண்ட சிகிச்சைக்கான தேவை நிரூபணமாகவில்லை. நாள்பட்டு, மற்றவை பலிக்காமல் போனவர்களுக்கும் ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கும் நீண்ட சிகிச்சையில் நியாயமான நம்பிக்கை வைக்கலாம். அக்காவின் மகள், மற்றவை பலிக்காமல் போனவர்களில் ஒருத்தி. அவள் கோவைக்குப் போவது வீண் செலவல்ல.

ஆனால் கேள்வி கேட்காமல் போகவும் கூடாது. உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் போய்வந்தால், ஆலோசகரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள்? முன்னேற்றத்தை எதை வைத்து அளக்கிறீர்கள்? மூன்று மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் என்ன செய்வோம்? நல்ல ஆலோசகர் இதற்குக் கோபப்பட மாட்டார். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். அரசு நடத்தும் இலவச சேவை அது, தமிழிலும் பேசலாம்.