பொய்யும் புளுகும்



மலையகத்திலிருந்து வடமராட்சிக்கு மருமகளாய்ப் போன ஒரு பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு இன்று தொடங்குகிறேன். போன புதிதில் பக்கத்து வீட்டு அம்மா அவளிடம், "உன்ர மாமிக்கு உன்னிலை சரியான புளுகம், பிள்ளை" என்றாராம். பெண்ணின் முகம் கறுத்துவிட்டது. மாமி தன்னைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்லித் திரிகிறார் என்று எண்ணி, இரண்டு நாள் முகங்கொடுத்தே பேசவில்லை. பிறகுதான் விளங்கியது: யாழ்ப்பாணத்துப் பேச்சில் புளுகம் என்றால் பெருமகிழ்ச்சி. மாமி மருமகளை நினைத்துப் பூரித்திருந்தார், அவ்வளவுதான்.

புளுகு என்பதோ பொய்யைக் குறிக்கும் சொல். மகிழ்ச்சியும் பொய்யும் எப்படி இவ்வளவு நெருங்கிய சொற்களில் வந்து அமர்ந்தன? மகிழ்ச்சி மிகுந்தவன் வாய் சும்மா இராது; ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லும். அந்த மிகைப் பேச்சே இரண்டுக்கும் பாலமாய் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் பொய்யும் புளுகும் ஒன்றுதானா? வழக்கைப் பாருங்கள். மாரி வராவிட்டால் வன்னிக் கமக்காரர், "மழை பொய்த்துப் போச்சு" என்பார். மழை புளுகிவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. வள்ளுவரும் வான்சிறப்பில் மழை பெய்யாமற் போவதைப் பொய்த்தல் என்றே கூறுகிறார். மழை வாய் திறந்து எதையும் சொல்லவில்லையே! ஆனால் அதை நம்பி ஒருவர் விதைத்திருக்கிறார். நம்பியவரைக் கைவிடுவதே பொய்த்தல்.

பொய் என்ற சொல்லுக்கு மரப்பொந்து என்றும் அகராதி பொருள் தருகிறது. வெளியே பார்த்தால் முழு மரம், உள்ளே வெறுமை. பொய்க்கால், பொய்க்கோபம், பொய்த்தூக்கம் எல்லாவற்றிலும் இந்த உள்ளீடற்ற தோற்றம் இருக்கிறது.

புளுகின் இயல்பு வேறு. அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று அதற்கு அளவு சொல்லிச் சிரிக்கிறோம். புளுகுமூட்டை என்று ஒருவரை அழைத்துவிட்டு, அவரோடே தேநீரும் குடிக்கிறோம். சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் பாதி தெரியும். நாடகமேடையில் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்து அழுத மக்கள், அரிச்சந்திரன் பொய் சொல்ல மறுத்தான் என்றுதான் சொன்னார்கள். புளுக மறுத்தான் என்றல்ல. நீதிமன்றத்திலும் பொய்ச்சாட்சி உண்டு, புளுகுச்சாட்சி இல்லை.

இங்கேதான் நாம் கவனமாயிருக்க வேண்டும். கலியாணம் பேச வந்த ஒருவர், மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் இரண்டு கடை இருப்பதாக அளக்கிறார். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய்து வைக்கலாம் என்ற பழமொழியும் அவருக்குத் துணை. பெண்ணைப் பெற்றவர் அதை நம்பிக் காணியை விற்றுச் சீதனம் கொடுக்கிறார். கடையும் இல்லை, காணியும் இல்லை என்றான பின், "அவர் சும்மா புளுகினவர்" என்று சொல்லிக் கடந்துவிடலாமா? நம்பி ஒருவர் விதைத்த கணமே அது புளுகாக இருப்பதை விட்டுப் பொய்யாகிவிட்டது. சொன்னவர் நெஞ்சுக்கும் அது தெரியும். நெஞ்சறிந்து பொய் சொன்னால் அந்த நெஞ்சே பின்னர் நம்மைச் சுடும் என்பதுதான் வள்ளுவர் தரும் எச்சரிக்கை.

பெரிய மனிதர் சொன்னால் புளுகு, ஏழை சொன்னால் பொய் என்று சொல்லைப் பங்கிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. சொன்னவர் யார் என்று பாராமல், நம்பியவர் யார், அவர் எதை இழந்தார் என்று கேளுங்கள். எந்தச் சொல் பொருந்தும் என்பது தானே தெரியவரும்.

மருமகளும் மாமியும் இப்போது ஒற்றுமையாய் இருக்கிறார்களாம். அதில் எனக்கும் புளுகந்தான். மீண்டும் இன்னொரு சொல்லோடு சந்திப்போம். வணக்கம்.