பத்திரம் கையில் இருக்கு... மனை எங்கே இருக்கு?

மலிவு மனை ஆசையில் சிக்கும் குடும்பங்கள்! தருவைகுளம் கரையில் இடம் தேடுவோர் கவனத்துக்கு!!

காலி நிலம். நாலு பக்கமும் கலர் கொடி. உள்ளே வெள்ளை அடித்த கற்கள். வாசலில் ஒரு வளைவு. அதில் ஏதோ ஒரு "நகர்" என்று பெயர்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிது அல்ல. ஞாயிற்றுக்கிழமை இலவச வேன். மதியம் சாப்பாடு. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தால் தங்கக் காசு!

"அண்ணாச்சி, இன்னைக்கு விட்டா நாளைக்கு இந்த ரேட்டுக்குக் கிடைக்காது. கார் கம்பெனி வந்தாச்சு. ராக்கெட் தளம் வரப்போகுது. பொறவு வருத்தப்படாதீங்க" என்று புரோக்கர் காதைக் கடிப்பார்.

அவர் சொல்லும் சேதி பொய் அல்ல. சில்லாநத்தத்தில் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டு 4-ந் தேதி திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். சேதி உண்மை. அதைக் காட்டி விற்கும் மனைதான் சில இடங்களில் பொய்!

கடலில் பாடுபட்டவரின் காசு, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் காசு, குமாஸ்தாவின் பி.எப்., கடைக்காரரின் சீட்டுப் பணம், வீட்டு அம்மாவின் நகை எல்லாம் இதில் போய் விழுகிறது. பத்திரம் பதிவானதும் "அப்பாடா, நமக்கும் ஒரு இடம் ஆச்சு" என்று ஒரு பெருமூச்சு.

பலருக்குத் தொல்லை தொடங்குவதே அந்தப் பெருமூச்சுக்குப் பிறகுதான்.

ஒரே நாளில் விழுந்த பூட்டு

2016 செப்டம்பர் 9. தமிழ்நாடு முழுக்க மனை வாங்கியவர்களின் வயிற்றில் புளியைக் கரைத்த நாள் அது.

வக்கீல் 'யானை' ராஜேந்திரன் சென்னை ஐகோர்ட்டில் ஒரு பொதுநல வழக்குப் போட்டிருந்தார். வயலும் நீர்நிலையும் அனுமதி இல்லாமல் மனையாகிறது என்பது வழக்கு. அப்போதைய தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான பெஞ்சு, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது.

விளைநிலத்தைக் காக்க வந்த உத்தரவு. ஆனால் அடி யாருக்கு? கூறு போட்டு விற்றவர் காசை எண்ணி வைத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டார். மகள் கல்யாணத்துக்கு மனையை விற்கலாம் என்று இருந்த தகப்பன்தான் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் நின்றார். கையில் பத்திரம் இருந்தது. முத்திரை இருந்தது. விற்க முடியவில்லை!

பிறகு அரசு இறங்கி வந்தது. 2016 அக்டோபர் 20-ந் தேதி வரை பத்திரம் பதிவான மனைகளைக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்று 2017 மே மாதம் விதி வந்தது. அதாவது, விற்றவர் செய்த தப்புக்கு வாங்கியவர் இன்னொரு முறை பணம் கட்ட வேண்டியதாயிற்று.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற புருடா

அந்தக் காலத்து நோட்டீசுகளில் "பஞ்சாயத்து அப்ரூவல் பெற்றது" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கிராமத் தலைவரின் கையெழுத்து, பச்சை மையில் ஒரு சீல். அது போதும் என்று ஜனங்கள் நம்பினார்கள்.

போதாது! மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப அனுமதி தர வேண்டியது டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்புத் துறை. அது இல்லாமல் தலைவர் தனியாகப் போட்ட கையெழுத்துக்கு மதிப்பு கிடையாது.

சார்பதிவாளர் என்ன பார்க்கிறார்?

"கவர்மெண்டு ஆபீசரே கையெழுத்துப் போட்டிருக்காரே, அப்ப சரியாத்தானே இருக்கும்?" டீக்கடைக்கு டீக்கடை கேட்கிற பேச்சு இது.

இதற்குச் சுப்ரீம் கோர்ட்டு 2025 ஏப்ரலில் பட்டென்று பதில் சொல்லிவிட்டது. விற்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது பதிவு அதிகாரியின் வேலை அல்ல. பத்திரம் முறைப்படி இருந்து, கட்டணமும் கட்டியிருந்தால் பதிவு செய்ய வேண்டியதுதான். இல்லாத உரிமையைப் பதிவு கொண்டுவந்து கொடுக்காது. மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று இருந்த தமிழ்நாட்டு விதியையும் அந்தத் தீர்ப்பு ரத்து செய்தது. அந்த ஓட்டையை அடைக்க, அதே ஏப்ரலில் சட்டசபையில் திருத்த மசோதா நிறைவேறியது.

எது எப்படி இருந்தாலும், "இந்த இடம் உன்னுடையதுதான்" என்று சார்பதிவாளர் உத்தரவாதம் தருவது இல்லை. அதை வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டும்.

திறக்காத சிப்பி

நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்தபோது சிப்பியைத் திறக்காமலே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கலாம், வெறும் சதையும் இருக்கலாம். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துவிட்டது. அந்த ஏலத்தில் நின்றவருக்கு அது அதிர்ஷ்டத்தின் விளையாட்டு என்று தெரியும். மனை வாங்குகிறவர் அப்படியா? முத்துக்கு உள்ள விலையைக் கொடுத்துவிட்டு, திறக்காத சிப்பியோடு வீட்டுக்குப் போகிறார்.

திறந்து பார்த்தால் என்னென்ன இருக்கும்?

பவர் பத்திரம் கொடுத்த நிலக்காரர் இறந்து போயிருப்பார். அவர் இறந்த அன்றோடு அந்தப் பவர் பொதுவாகச் செத்துவிடும். அதை மறைத்து ஏஜெண்டு விற்றிருப்பார். அண்ணன் தம்பி ஆறு பேர் சொத்தை ஒருவரே விற்றிருப்பார். ஒரே மனை இரண்டு பேருக்குப் போயிருக்கும். கடற்கரை ஓரம் என்றால் உப்பளக் குத்தகை நிலமாகவோ, புறம்போக்காகவோ இருக்கும். குத்தகைக்கு எடுத்தவர் குத்தகை நிலத்தை விற்க முடியாது.

"கடலைப் பார்த்த மனை" என்றால் இன்னும் கவனம் வேண்டும். உயர் அலைக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் நினைத்தபடி வீடு கட்ட முடியாது.

பேரிலேயே தண்ணீர்

தருவை என்றால் மழைக்காலத்தில் நீர் தேங்கி நிற்கும் தாழ்வான இடம் என்பது இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். தருவைகுளத்துக்கு ஊர் பேரிலேயே தண்ணீர் இருக்கிறது!

புரோக்கர் வேன் வருவது சித்திரை, வைகாசி வெயிலில். நிலம் கட்டாந்தரையாகக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் அதே இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி நகரில் பல தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. எந்த இடம் பள்ளம், எது ஓடை என்று அந்த மழை காட்டிக் கொடுத்துவிட்டது. பக்கத்து ஆடு மேய்ப்பவரையோ டீக்கடைக்காரரையோ, "அந்த மழைக்கு இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அட்வான்சுக்கு முன்

ஒன்று: வில்லங்கம். 30 வருடத்துக்குக் குறையாமல் பார்க்க வேண்டும். பதிவுத்துறை இணையத்தில் காசு இல்லாமலே பார்க்கலாம். ஆனால் பதிவான பத்திரம்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில் வராது.

இரண்டு: மூலப் பத்திரத்தின் அசல். "பேங்கில் இருக்கு" என்றால் அடமானம் என்று அர்த்தம். ஜெராக்சை நம்பக் கூடாது.

மூன்று: பட்டா, சர்வே வரைபடம். சர்வேயரை வைத்து அளந்து, பத்திரத்தில் உள்ள நம்பரும் காலடியில் உள்ள நிலமும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். பட்டாவும் தனியாக நின்று உரிமையை நிரூபித்துவிடாது. பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போக வேண்டும்.

நான்கு: டி.டி.சி.பி. அனுமதி எண், ரெரா பதிவு எண். 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள புது மனைத் திட்டம் ரெராவில் பதிவாக வேண்டும். பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. நோட்டீசில் எண் இல்லையா? வேனில் ஏறாதீர்கள்!

ஐந்து: விற்பவருக்குச் சம்பந்தம் இல்லாத ஒரு வக்கீல். புரோக்கர் கூட்டி வரும் வக்கீல் அல்ல. அவருக்குக் கொடுக்கும் பீஸ் தங்கக் காசை விட லாபம்.

ஏமாந்துவிட்டால்?

வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. போலிப் பத்திரம் என்றால் போலீசில் மாவட்டக் குற்றப்பிரிவுக்குப் புகார் கொடுக்கலாம். ரோடு, தண்ணீர் வசதி செய்து தருவதாகச் சொல்லி மனை விற்றவர் மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2012-லேயே சொல்லியிருக்கிறது.

போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டப் பிரிவு வந்தது. அதைச் சென்னை ஐகோர்ட்டு 2024-ல் செல்லாது என்று தள்ளிவிட்டது. ஆகவே பத்திரத்தை ரத்து செய்யச் சிவில் கோர்ட்டுப் படிதான் ஏற வேண்டும். மோசடி தெரிந்த நாளில் இருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். "பேசி முடிச்சிடலாம் அண்ணாச்சி" என்று எதிராளி இழுத்தடிப்பது அந்த 3 வருடத்தைக் கரைக்கத்தான்.

பத்திரம் பதிவாக அரை நாள் போதும். அதை ரத்து செய்யக் கோர்ட்டுக்கு நடந்தால் பிள்ளை பெரியவனாகிவிடுவான். அட்வான்ஸ் கேட்கிறவரிடம் "ஒரு மாசம் டைம் குடுங்க, பேப்பர் பாக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையானவர் காத்திருப்பார். அவசரப்படுத்துகிறவர் எதையோ மறைக்கிறாரா என்று அங்கேயே யோசித்துக்கொள்ளுங்கள்!