யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரம்

சிலைகளும் கல்வெட்டுகளும் தாம் நினைவூட்டும் மனிதரைப் பற்றி மட்டுமே பேசுவன. மணிக்கூட்டைத் தாங்கிய நினைவுச்சின்னமோ நாள்தோறும் ஊருக்குத் தொண்டு செய்வது. யாழ்ப்பாணம் முற்றவெளிக்கு அருகே நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் அத்தகையதாகும்.

1875ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசர் அல்பேர்ட் எட்வேர்ட் இலங்கைக்கு வருகை தந்தார். பின்னர் ஏழாம் எட்வேர்ட் மன்னராக முடிசூடியவர் இவரே. அவ்வருகையின் ஞாபகமாக இக்கோபுரம் எழுப்பப்பட்டது. கொழும்பு நூதனசாலையை வடிவமைத்த ஜே. ஜி. ஸ்மிதர் என்பவரே இதற்கும் வரைபடம் தந்தவர். மணிக்கூட்டை அன்றைய தேசாதிபதி சேர் ஜேம்ஸ் லோங்டன் அன்பளிப்புச் செய்தார்.

அந்நாளில் வீடுகளில் மணிக்கூடு அரிது. எம் முன்னோர் தம் நிழலை அடியால் அளந்து பொழுதறிந்தனர். நாளொன்றை அறுபது நாழிகையாக வகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். வயலுக்கும் கிணற்றடிக்கும் இக்கணக்குப் போதும். ஆனால் கச்சேரியும் நீதிமன்றமும் பள்ளிக்கூடமும் குறித்த மணிக்குத் தொடங்குவன. அங்கு செல்வோர்க்கெல்லாம் பொதுவான ஒரு நேரம் தேவைப்பட்டது. அதைச் செல்வர், வறியவர் என்ற பேதமின்றி இலவசமாக வழங்கியது கோபுர மணிக்கூடு.

அக்காலக் கோபுர மணிக்கூடுகள் இயங்கும் விதம் எளிது. கயிற்றிலோ சங்கிலியிலோ தொங்கும் பாரமான குண்டு மெல்லக் கீழிறங்கும்போது பற்சில்லுகள் சுழலும். ஊசலின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு பல் மட்டுமே நகர இடமுண்டு; ஆகையால் முட்கள் சீராக ஓடும். குண்டு அடிக்கு வந்துவிட்டால் ஒருவர் படியேறிச் சென்று அதை மீண்டும் மேலே சுற்றியேற்ற வேண்டும். அவர் மறந்தால் ஊரின் நேரமே நின்றுவிடும்!

1981இல் அயலிலிருந்த பொது நூலகம் எரியூட்டப்பட்டது. தொடர்ந்து வந்த போரில் கோபுரமும் சேதமுற்றது; மணிக்கூடு ஓய்ந்தது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அது மீளச் சீரமைக்கப்பட்டது. அதற்கு உதவியவர் அன்றைய வேல்ஸ் இளவரசர் சாள்ஸ். எவர் ஞாபகமாகக் கோபுரம் எழுந்ததோ, அவரது வழித்தோன்றலே இவர்.

தோழியரே, இளவரசரின் வருகையை இன்று நினைப்பார் சிலரே. எனினும் அவ்வழியே செல்வோர் அண்ணாந்து நேரம் பார்க்கத் தவறுவதில்லை. கட்டியவர்களோடு, ஆண்டாண்டு காலமாகப் படியேறி அதை ஓடச் செய்த பெயரறியாத் தொழிலாளரையும் நாம் நன்றியுடன் நினைவுகூர்வோமாக.