தொட்டிலுக்குப் பக்கத்தில் தையல் மிஷின்

குழந்தைகளின் துணிமணிக்கு ஆயுசு குறைவு. கிழிவதால் அல்ல, குழந்தை வளர்வதால்! தீபாவளிக்கு எடுத்த கவுன் சித்திரையில் முழங்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது. பொங்கலுக்குத் தைத்த சட்டை ஆடி மாதத்தில் தோளில் பிடிக்கிறது. பெரியவர்கள் ஒரு சட்டையை நாலு வருஷம் போடுவார்கள். கைக்குழந்தைக்கோ முதல் வருஷத்திலேயே மூன்று நாலு தடவை அளவு மாறிவிடும்.

தாய்க்கு இது செலவு. தையல் தெரிந்த தாய்க்கு இதுவே வரவு!

குழந்தை உடுப்புத் தைக்கப் பெரிய கடை வேண்டாம். துணி கொஞ்சம் போதும். தொட்டிலுக்குப் பக்கத்தில் நாலடி இடம் இருந்தால் மிஷினைப் போட்டுவிடலாம். ஒரு கால் மிஷினை மிதிக்க, ஒரு கை தொட்டிலை ஆட்ட, குடும்பமும் நடக்கும், தொழிலும் நடக்கும் என்று சொல்வார்கள்.

சொல்வது சுலபம். நடப்பது எப்படி?

மலை மேல் நாலு ஜோடி

தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது வத்தல்மலை. உயரம் மூவாயிரம் அடிக்கு மேல். மலையாளிப் பழங்குடி மக்கள் சிறு சிறு ஊர்களாக அங்கே வாழ்கிறார்கள். காப்பி, மிளகு, சாமை விளைகிற பூமி. பல காலம் வரை அவர்கள் கீழே வர வேண்டுமானால் கால்நடைதான். கொண்டை ஊசி வளைவுகளோடு நல்ல சாலை வந்தது சமீப காலத்தில்தான். ஒரு நூல்கண்டு வேண்டுமானாலும் மலையை விட்டு இறங்க வேண்டும் என்றால், அந்த ஊர்ப் பெண் தையல் தொழிலை நினைத்துப் பார்ப்பது எப்படி?

ஆனால், அந்த மலை மேலும் தைத்த உடுப்பு வருகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடை! ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வருஷம் நாலு ஜோடி இலவசம். பட்டணத்துப் பிள்ளைக்கும் அதே துணிதான். மலைப் பிள்ளைக்கும் அதே துணிதான்.

இந்தச் சீருடையைத் தைப்பவர்கள் யார்? மில்காரர்கள் அல்ல. வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு மிஷின் மிதிக்கும் தாய்மார்கள்!

அவர்களுக்காகவே மாவட்டந்தோறும் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சமூக நலத்துறை இவற்றைக் கவனிக்கிறது. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், ஆதரவு இல்லாதவர்கள் பலர் இந்தச் சங்கங்களில் உறுப்பினர்கள். துணியை அரசே வாங்கித் தருகிறது. அதை அளவுவாரியாக வெட்டி, கட்டுக் கட்டாகக் கொடுப்பார்கள். உறுப்பினர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று தைத்து, திரும்ப ஒப்படைப்பார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி.

ஒரே சீருடையில் தறிக்காரர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. தையல்காரி வீட்டிலும் அடுப்பு எரிகிறது. இலவசச் சீருடைத் திட்டம் 1985-ல் தொடங்கியது. நெசவாளருக்கு வேலை கொடுப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. முதலில் வருஷம் ஒரு ஜோடிதான். 2012-13 முதல் அது நாலு ஜோடி ஆயிற்று. பிள்ளைகளுக்கு நாலு ஜோடி என்றால், மிஷின்களுக்கு நாலு மடங்கு வேலை!

ஜூன் வந்தால் வேலை, போனால்?

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. விற்பனைக் கவலை இல்லை. தைத்ததை யார் வாங்குவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஒரு பெரிய அசௌகரியமும் உண்டு. பள்ளிக்கூடம் ஜூன் மாதம் திறக்கிறது. அதற்கு முன்னே துணி வந்து குவியும். கோடை வெயிலில், பிள்ளைகள் லீவில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டும் நாளில்தான் ராத்திரி பகலாகத் தைக்க வேண்டும். பிறகு கட்டுகள் குறையும். சில மாதம் மிஷின் மேல் துணியைப் போட்டு மூடி வைக்க வேண்டியதுதான். உருப்படிக் கூலியில் ஓடுகிற வீட்டுக்கு அந்த மாதங்கள் நீளமானவை.

அதனால் கெட்டிக்காரப் பெண்கள் சீருடையை மட்டும் நம்புவதில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் தைக்கிறார்கள். அங்கேதான் தொழில் உண்மையில் ஆரம்பிக்கிறது.

தருமபுரி காட்டிய வழி

மிஷினுக்குப் பணம்? இந்தக் கேள்விக்குத் தருமபுரி ஜில்லாவே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு பிறந்தது இங்கேதான். அது 1989-ம் வருஷம். கிருஷ்ணகிரியும் அப்போது தருமபுரி ஜில்லாவுக்குள் இருந்தது. ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் உதவியது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வேலையை நடத்தியது.

தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி, மாதம் ஒரு சிறு தொகை போடுவது. அதிலிருந்து ஒருவருக்கொருவர் கடன் கொடுப்பது. கணக்கு ஒழுங்காக இருந்தால் பாங்கும் கடன் தருவது. இவ்வளவுதான் திட்டம். தண்டல்காரனிடம் போகாமல் கடன் கிடைக்கும் என்பதே அந்தக் காலத்தில் அதிசயமாக இருந்தது. பிறகு இது தமிழகம் முழுவதும் பரவிற்று.

கடனே வேண்டாத வழியும் ஒன்று இருக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக, ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கும் அரசுத் திட்டம் நடக்கிறது. விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், உடல் ஊனமுற்றோர் முதலியவர்கள் இதற்கு மனுப் போடலாம். தையல் தெரிந்திருக்க வேண்டும். விவரத்தை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம்.

காந்தியடிகள் இயந்திரங்களைக் கண்டால் முகம் சுளிப்பவர் என்று பெயர். ஆனால், அவர் தையல் மிஷினுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தார். 1924-ல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டபோது, உபயோகமான சில பொருள்களில் சிங்கர் மிஷின் ஒன்று என்று சொன்னார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்துப் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தாராம்! (அமெரிக்கரான ஐசக் சிங்கர் 1851-ல் காப்புரிமை வாங்கியது உண்மை. அவருடைய குடும்பக் கதை வேறு. அதை ஞாயிற்றுக்கிழமையில் பேச வேண்டாம்.) கேள்வி கேட்ட அந்த இளைஞர்தான் பின்னால் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உண்டாக்கியவர்.

லாபமா, ஏமாற்றமா?

பல வீடுகளில் தொழில் கெடுவது தையலால் அல்ல, கணக்கால்.

உதாரணத்துக்கு ஒரு கவுனை எடுத்துக்கொள்வோம். துணி 80 ரூபாய். நூல், பொத்தான், லேஸ் 20 ரூபாய். 150 ரூபாய்க்கு விற்றாயிற்று. "ஐம்பது ரூபாய் லாபம்" என்று சந்தோஷப்படுகிறாள் அந்தப் பெண். ஆனால், வெட்டித் தைத்து, காஜா எடுத்து, பொத்தான் வைத்து, இஸ்திரி போட இரண்டு மணி நேரம் ஆயிற்றே! அப்படியானால் அவள் மணிக்கு 25 ரூபாய்க் கூலிக்கு வேலை செய்திருக்கிறாள். மிஷின் எண்ணெய், கரண்ட், உடைந்த ஊசி எல்லாம் அதற்குள்ளேதான். துணி வாங்கப் போன பஸ் சார்ஜ் வேறே! லாபம் என்று ஒன்று அதில் கிடையாது.

"வீட்டில் சும்மா இருக்கிற நேரந்தானே" என்பார்கள். குழந்தை உள்ள வீட்டில் சும்மா இருக்கும் நேரம் எது? அது தூங்குகிற நேரம். அந்த நேரத்தில் தாயும் தூங்க வேண்டும். தூக்கத்தை விற்றுத்தான் அந்தக் கவுன் உருவாகியிருக்கிறது. ஆகவே முதலில் தன் கூலியை எழுதிக்கொள்ள வேண்டும். துணி விலை, சாமான் விலை, கூலி, அதற்கு மேல் லாபம். இந்த நாலும் சேர்ந்ததே விலை. பக்கத்து வீட்டுக்காரி முகம் கோணுவாள் என்று கூலியை அழித்துவிட்டால், மிஷின் ஓடும், வீடு ஓடாது.

துணி விலையைக் குறைக்க வழி இருக்கிறது. ஈரோட்டில் வாரம் ஒரு தடவை கூடும் ஜவுளிச் சந்தையில் மொத்த விலைக்குத் துணி கிடைக்கும். பெரிய துணியை வெட்டியபின் மிஞ்சும் துண்டு, பெரியவர்களுக்கு உதவாது. ஆறு மாதக் குழந்தைக்கு அது ஒரு சட்டை! ஆனால், ஒன்று: புதுப் பருத்தித் துணியை வெட்டும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் சட்டை சுருங்கும். வாடிக்கையும் சுருங்கும்.

அமெரிக்காவில் ஒரு தாய்

வீட்டுத் தையல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நிஜக் கதை.

அமெரிக்காவில் மில்வாக்கி என்ற நகரம். அங்கே ஃபுளோரன்ஸ் ஐஸ்மேன் என்ற பெண்மணி. இரண்டாவது மகன் பிறந்தபின் அவருக்கு மனச் சோர்வு. "ஏதாவது கைவேலை செய்யுங்கள்" என்று டாக்டர் யோசனை சொன்னார். அம்மையார் தையலில் இறங்கினார். தம் பிள்ளைகளுக்கும் சிநேகிதிகளின் பிள்ளைகளுக்கும் விதவிதமாகத் தைத்தார். அப்போது அது தொழில் அல்ல.

1945-ல் கணவரின் வியாபாரம் ஆட்டம் கண்டது. மனைவி தைத்த சின்னக் கவுன்கள் சிலவற்றைக் கணவர் லாரன்ஸ் எடுத்துக்கொண்டு சிகாகோவுக்குப் போனார். மார்ஷல் ஃபீல்டு என்ற மிகப் பெரிய கடையில் காட்டினார். கடைக்காரர் 3,000 டாலருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்! அன்று ஆரம்பித்த வியாபாரம் அமெரிக்கா முழுவதும் பெயர் வாங்கிற்று. பத்து வருஷம் கழித்து, 1955-ல், உடை அலங்காரத்துக்கான பெரிய பரிசான நீமன் மார்க்கஸ் விருது அந்த அம்மையாருக்குக் கிடைத்தது.

அவர் கொள்கை ஒன்றுதான். குழந்தைக்கு இடுப்பு கிடையாது; தொப்பைதான் உண்டு! பெரியவர்கள் உடுப்பைச் சின்னதாக்கிக் குழந்தைக்கு மாட்டக் கூடாது. தோளிலிருந்து தாராளமாக விழ வேண்டும். ஓரத்தில் அகலமாக மடித்துத் தைக்க வேண்டும். வளர வளரப் பிரித்துவிடலாம். நம் ஊர்ப் பாட்டிமார் பாவாடைக்கு இரண்டு மடிப்பு வைத்துத் தைக்கச் சொன்னதும் இதே யுக்திதான். வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்தால், ஒரு பாவாடை மூன்று வருஷம் ஓடுமே!

கதையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அம்மையார் தைத்தார், விற்கப் போனவர் கணவர். எல்லா வேலையும் ஒருத்தி தலையிலேயே விழுந்திருந்தால் சிகாகோ வரைக்கும் போயிருக்க முடியுமா? நம் வீடுகளில் "அவள் தையல் வேலை" என்று சொல்லிவிட்டு, சோற்றுக்குக் காத்திருக்கும் ஆண்கள் இதைப் படிக்கலாம்.

உடைந்த ஊசி எங்கே?

குழந்தை உடுப்பில் அழகு இரண்டாவது. முதலாவது ஆபத்து இல்லாமை.

திருப்பூரில் வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் பின்னலாடை தைக்கும் தொழிற்சாலைகளில், தைத்து முடித்த உடுப்பை உலோகம் கண்டுபிடிக்கும் கருவி வழியாக அனுப்புவார்கள். காரணம், ஊசி. தைக்கும்போது ஒடிந்த முனை மடிப்புக்குள் ஒளிந்துகொண்டால், பிஞ்சு உடம்பில் குத்தும். வீட்டில் அந்தக் கருவி இல்லை. அதனால் ஊசி ஒடிந்தால் துண்டுகளைத் தேடி எடுத்து, சேர்த்துப் பார்த்து முழு ஊசியாகிறதா என்று கவனித்த பிறகே அடுத்த தையல் போட வேண்டும். ஒரு துண்டு அகப்படாவிட்டால் அந்த உருப்படியைக் கொடுக்கவே கூடாது.

கழுத்தில் நீளக் கயிறு வைப்பதும் கூடாது. மேலை நாடுகளில் சின்னக் குழந்தைகளின் உடுப்பில் அதற்குத் தடை உண்டு. எங்கேயாவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும். பொத்தானை இழுத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கழன்றால் அது நேரே வாய்க்குப் போகும்.

சொந்த வீட்டுக் குழந்தையையும் மறக்கலாகாது. தவழுகிற பிள்ளைக்குத் தரையில் கிடக்கும் ஊசி, கத்தரிக்கோல், மிஷின் சக்கரம் எல்லாம் விளையாட்டுச் சாமான். வேலை முடிந்ததும் தரையில் ஒரு காந்தத்தை ஓட்டினால் ஊசிகள் ஒட்டிக்கொண்டு வரும்.

கொஞ்சம் பெரிய பெண் குழந்தை இருக்கும் வீட்டில் வேறொரு ஆபத்து. "காஜா எடு, பொத்தான் வை" என்று முதலில் ஒரு மணி நேரம் உதவிக்குக் கூப்பிடுவார்கள். வேலை நெருக்கும்போது ஒரு நாள் பள்ளிக்குப் போக வேண்டாம் என்பார்கள். ஒரு நாள் நாலு நாளாகும். ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போட்டுச் செல்லும் சட்டைக்காகச் சொந்தப் பெண்ணின் பள்ளிக்கூடம் நின்று போனால், அந்தக் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜூன் போனால் ஜபலா

சீருடை வேலை ஓய்ந்த மாதங்களில் என்ன தைக்கலாம்? ஜபலா!

கைக்குழந்தைக்கு முதலில் பழைய வேட்டித் துணி, புடவைத் துணிதான் நம் வழக்கம். நல்ல வழக்கம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி அது. புதுத் துணி வருவது தொட்டிலில் போட்டுப் பேர் வைக்கும் நாளில். அப்போது அத்தையும் மாமியும் ஆளுக்கொன்று வாங்கி வருவார்கள். மெல்லிய மல் துணியில், முதுகுப் பக்கம் துணி நாடா வைத்து முடிச்சுப் போடும்படி தைத்தால் பொத்தான் வேண்டாம். தலை வழியாக மாட்டிக் குழந்தையை அழ வைக்கவும் வேண்டாம். அரை மீட்டரில் ஒன்று முடிந்துவிடும். பிறகு மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் சீருக்குப் பாவாடை சட்டை. ஒரு வீட்டில் நன்றாக அமைந்தால் அந்த வம்சமே வாடிக்கை!

பள்ளிக்கூடம் வருஷத்தில் ஒரு தடவைதான் திறக்கிறது. பிரசவ ஆஸ்பத்திரி ஒரு நாளும் மூடுவதில்லை.