உங்களுக்குத் தெரியுமா? ஊருக்கு ஊர் ஒரு ஊசி!

ஜெர்மனியில் வேலை பார்க்கிறீர்களா? ஆறு மாதமாக இடுப்புப் பக்கம் முதுகு வலி விடவில்லையா? அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையை நீட்டினால் போதும், அக்குபங்சர் ஊசி இலவசம்! 2007 முதலே இப்படித்தான்!

கழுத்து வலிக்குப் போனால்? சொந்தக் காசு! இடுப்பு வலி, முழங்கால் மூட்டுத் தேய்மானம்... இந்த இரண்டுக்கு மட்டும்தான் காப்பீடு பணம் தரும். அதுவும் 10 முறை. டாக்டர் காரணம் எழுதிக் கொடுத்தால் 15. அதற்கு மேல் ஒரு ஊசி கிடையாது!

சும்மா கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு முன் ஜெர்மானியர்கள் ஒரு பெரிய சோதனையே நடத்திப் பார்த்தார்கள். முதுகு வலிக்காரர்கள் 1,162 பேர். மூன்று அணி. முதல் அணிக்கு முறைப்படி ஊசி. இரண்டாவது அணிக்குப் போலி ஊசி: அக்குபங்சர் புள்ளியே இல்லாத இடத்தில், மேலோட்டமாக ஒரு குத்து! மூன்றாவது அணிக்கு மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை.

ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையில் தேறியவர்கள் 27.4 சதவீதம். ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம். அடேயப்பா! சரி, அந்தப் போலி ஊசி? 44.2 சதவீதம்!!

அதாவது ஊசி வேலை செய்கிறது. எங்கே குத்தினாலும் வேலை செய்கிறது!

முழங்காலுக்கும் இதே கூத்துதான். 1,007 பேர். அசல் ஊசி 53.1, போலி ஊசி 51.0, வழக்கமான சிகிச்சை 29.1!

ஒற்றைத் தலைவலியில் மட்டும் மாத்திரை மானம் காத்தது. தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள்: தினமும் மாத்திரை விழுங்கியவர்களில் 49 சதவீதம். ஊசிக்காரர்களில் 47. போலி ஊசியில் 39. மாத்திரையை முந்தவில்லையே என்று தலைவலி ஊசிக்குக் காப்பீட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்!

இதைவிட ஒரு கூத்து அமெரிக்காவில் நடந்தது. சியாட்டில் ஆராய்ச்சியாளர்கள் நடத்தியது. 638 பேர். பெரும்பாலானோர் குப்புறப் படுத்திருக்கிறார்கள். முதுகில் ஒரு சின்னக் குழாயை வைத்து, டக் என்று ஒரு தட்டு. லேசாக ஒரு திருகல். சிலருக்கு அந்தக் குழாய்க்குள் இருந்தது அசல் ஊசி. சிலருக்கு என்ன தெரியுமா? பல் குத்தும் குச்சி!

குச்சி தோலைத் துளைக்கவே இல்லை. முதுகுக்குப் பின்னால் நடப்பது யாருக்குத் தெரியும்? 2009-ல் முடிவு வந்தது. ஊசிக்காரர்களில் 60 சதவீதம் பேர் எழுந்து நடமாடுவதில் தேறினார்கள். குச்சிக்காரர்களிலும் அதே 60 சதவீதம்! வழக்கமான வைத்தியத்தோடு நின்றவர்கள் 39!

நோயாளி உற்றுப் பார்த்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாத போலி ஊசியும் உண்டு! மேடை நாடகத்தில் வில்லன் வயிற்றில் ‘இறங்கும்’ கத்தி மாதிரி, தோலில் பட்டதும் கைப்பிடிக்குள் சுருங்கிவிடும். 1998-ல் உலகுக்குக் காட்டியவர்கள் ஹைடெல்பெர்க் ஆராய்ச்சியாளர்கள்!

டெட் கப்சுக் என்ற அமெரிக்கர் அந்தக் காலத்திலேயே மக்காவ் போய்ச் சீன வைத்தியம் படித்தவர். ஊர் திரும்பி ஹார்வர்டில் சேர்ந்தார். வயிற்றுக் கோளாறுக்காரர்கள் 262 பேரைப் பிடித்தார். ஒரு அணிக்கு எதுவும் இல்லை, காத்திருக்கச் சொல்லியாயிற்று. இரண்டாவது அணிக்குச் சுருங்கும் ஊசி, டாக்டர் அதிகம் பேச மாட்டார். மூன்றாவது அணிக்கும் அதே சுருங்கும் ஊசிதான். ஆனால் டாக்டர் 45 நிமிடம் உட்கார்ந்து கதை கேட்பார். நாடி பிடித்தபடி 20 விநாடி யோசனையாக மௌனம் காக்க வேண்டும் என்றுகூட எழுதிக் கொடுத்திருந்தார்கள்!

முடிவு? 28, 44, 62 சதவீதம்! அசல் ஊசி ஒருவர் உடம்பிலும் இறங்கவில்லை. கனிவாகக் கேட்கும் டாக்டருக்கு மட்டுமே 18 சதவீதப் புள்ளி கூடுதல்!

அப்படியானால் எல்லாமே மனப்பிரமைதானா? அவசரப்படாதீர்கள்! 39 ஆய்வுகள், 20,827 நோயாளிகள். 2018-ல் மொத்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டிப் பார்த்தார்கள். போலி ஊசியை அசல் ஊசி ஜெயித்தே விட்டது! கொஞ்சூண்டு வித்தியாசம்தான், ஆனால் ஜெயித்தது ஜெயித்ததுதான். ஊசி தந்த நிவாரணம் ஓராண்டு கழிந்தும் 15 சதவீதம் போலத்தான் குறைந்திருந்தது!

ஆய்வு நடந்த நாடு எது என்று முதலில் பாருங்கள்! 1998-ல் ஒரு குழு உலகம் முழுவதும் வெளியான அக்குபங்சர் சோதனைகளை நாடுவாரியாக அடுக்கியது. சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் ஆய்வுகளில் ஊசி தோற்றதாக ஒன்றுகூட இல்லை. நூற்றுக்கு நூறு வெற்றி! பரீட்சையில் இப்படி மார்க் வந்தால் நம் ஊர் வாத்தியார் சும்மா விடுவாரா?

குழந்தைப் பேற்றுக்காக ஊசி போடலாமா என்று கேட்பவர்களுக்கு இது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சோதனைக் குழாய் சிகிச்சை எடுத்த 848 பெண்களிடம் சோதித்தார்கள். அசல் ஊசியில் குழந்தை பெற்றவர்கள் 18.3 சதவீதம். போலி ஊசியில் 17.8!

இங்கிலாந்தின் தலை ஆட்டல் தனி ரகம்! முதுகு வலிக்கு ஊசி போடலாம் என்று அரசு வழிகாட்டுக் குழு சொன்னது 2009-ல். வேண்டவே வேண்டாம் என்று அதே குழு சொன்னது 2016-ல். காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று மீண்டும் அதே குழு சொன்னது 2021-ல்!

அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மெடிகேர் என்னும் முதியோர் காப்பீடு இருக்கிறதா? 2020 ஜனவரி 21 முதல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஊசி உண்டு! 90 நாளில் 12 முறை. குணம் தெரிந்தால் இன்னும் 8. ஆண்டுக்கு 20 தாண்டக் கூடாது! இதே அமெரிக்காவில் 1996 வரை அக்குபங்சர் ஊசி என்பது ‘பரிசோதனைக் கருவி’!

ஜப்பானில் காப்பீடு ஆறே ஆறு நோய்க்கு. அதற்கும் டாக்டர் சம்மதக் கடிதம் வேண்டும்!

முதன்முறை போகிறீர்களா? நாக்கை நீட்டச் சொல்வார்கள்! நாக்கின் நிறத்தை வைத்தே கணிப்பு. அதனால் டிகிரி காபி குடித்த கையோடு போய் நிற்காதீர்கள்! இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார்கள்.

ரத்தம் எடுக்கும் ஊசியின் தடிமன் சுமார் 0.8 மில்லிமீட்டர். அக்குபங்சர் ஊசி 0.25 தான்! ‘சுருக்’ என்று வலிக்காது. குத்திய இடம் கனத்து, மதமதத்துப் போகும். அது வந்தால்தான் ஊசி பிடித்தது என்பார்கள் சீன வைத்தியர்கள்!

ஊசியை வழிநடத்தும் அந்தச் சின்னக் குழாய் இருக்கிறதே, அதைப் புகழ்பெறச் செய்தவருக்குக் கண் தெரியாது! 17-ஆம் நூற்றாண்டு ஜப்பானின் சுகியாமா வாயிச்சி. நாட்டை ஆண்ட ஷோகனுக்கே வைத்தியம் பார்த்தவர். பார்வையற்றோருக்கு ஊசிப் பள்ளியும் தொடங்கினார். ஜப்பானில் இன்றும் பார்வையற்ற அக்குபங்சர் நிபுணர்கள் உண்டு!

சீனத்தில் 1027-லேயே செயல்முறைத் தேர்வு! ஆள் உயர வெண்கல மனிதன். உடம்பெல்லாம் புள்ளிகளில் ஓட்டை. மேலே மெழுகுப் பூச்சு, உள்ளே தண்ணீர். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் தண்ணீர் சொட்டும். சொட்டாவிட்டால் ஃபெயில்!

அந்தச் சீனமே ஊசிக்குத் தடையும் போட்டது! 1822-ல் தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அக்குபங்சரை வெளியேற்றினார்!

சீன வைத்தியத்தை நாடெங்கும் பரப்பிய மாவோவுக்கே அதில் நம்பிக்கை இல்லையாம்! சொன்னவர் அவருடைய தனி மருத்துவர்!

பிரான்சில் முதலில் ஊசி குத்திப் பார்த்தவர் யார்? இசைமேதை பெர்லியோஸின் அப்பா! ஆண்டு 1810!

நவீன மருத்துவத்தின் பிதாமகர் வில்லியம் ஆஸ்லர் 1892-ல் எழுதிய பாடநூலில் இடுப்புப் பிடிப்புக்கு என்ன மருந்து? பெண்கள் தொப்பியில் குத்தும் நீள ஊசி! மாண்ட்ரியலில் ஒரு கோடீஸ்வரரிடம் அதைக் காட்டினாராம். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வசவு! கடைசியில் வலியோடே எழுந்து நொண்டிக்கொண்டே போய்விட்டார். பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டிய நன்கொடையும் கூடவே போச்சு என்று ஆஸ்லருக்கு வருத்தம்!

வெளிநாட்டில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஆகப் பிரபலமானவர் ஜேம்ஸ் ரெஸ்டன். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர். 1971 ஜூலை, பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்). அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கிசிங்கர் ரகசியமாக வந்துபோன செய்தி காதில் விழுந்த அதே நொடியில் அவருக்கு அடிவயிற்றில் முதல் வலி! உலகச் செய்தி கைநழுவிய வலியா, குடல்வால் வலியா? குடல்வால்தான்! ஜூலை 17-ல் அறுவை.

ஊசி குத்தித்தான் மயக்கம் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். தப்பு! மரக்க வைத்தது சாதாரண ஊசி மருந்துதான். அடுத்த நாள் இரவு வயிறு உப்பியபோதுதான் அக்குபங்சர் வந்தது. வலது முழங்கையில் ஒன்று, முழங்கால்களுக்குக் கீழே இரண்டு. ஒரு மணி நேரத்தில் வயிறு லேசானது. ஜூலை 26-ல் கட்டுரை வந்தது. அமெரிக்காவே ஊசி தேடிக் கிளம்பிவிட்டது!

நியூயார்க் லிங்கன் மருத்துவமனையில் போதைக்கு அடிமையானவர்களுக்குக் காதில் ஐந்து ஊசி குத்தினார்கள், 1970-களில். குத்தியவர்களில் ஒருவர் முட்டுலு ஷகூர். யார் அவர்? ராப் பாடகர் டூபாக்கின் வளர்ப்புத் தந்தை!

காது அக்குபங்சரின் இன்றைய வரைபடம் சீனச் சரக்கே இல்லை! பிரான்சின் லியோன் நகர டாக்டர் பால் நோஜியே 1950-களில் போட்டது. தலைகீழாகக் கிடக்கும் சிசுவின் உருவத்தைக் காதில் பார்த்தார். பிறகு அதைச் சீனா இறக்குமதி செய்துகொண்டது!

அமெரிக்க விமானப்படை டாக்டர் ஒருவர் 2001-ல் போர்க்களத்துக்கென்றே ஒரு முறை உருவாக்கினார். காதில் குட்டி ஊசிகள். குத்தினால் சில நாள் அப்படியே இருக்கும். அதோடு ஹெல்மெட்டும் போடலாம்!

இந்தியாவுக்கு ஊசி எப்படி வந்தது? 1938-ல் டாக்டர் கோட்னிஸுடன் சீனா போன இந்திய மருத்துவக் குழுவில் ஒருவர் பி.கே. பாசு. பிற்பாடு மறுபடி சீனா போய்க் கற்றுவந்து, 1959-ல் கொல்கத்தாவில் தொடங்கினார். மத்திய அரசு அக்குபங்சரைத் தனி முறையாக ஏற்றது எப்போது? 60 ஆண்டு கழித்து, 2019-ல்!

தமிழ்நாட்டில் ஊசியே இல்லாத அக்குபங்சருக்குக் கூட்டம் அலைமோதுகிறது! ஒரு புள்ளியில் விரலால் தொடுவார்கள், அவ்வளவுதான். சியாட்டில் குச்சிக் கதையைப் படித்த பிறகு, இதைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை!

ஆபத்து உண்டா? ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கேட்டார்கள். 8.6 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டு, வலி மாதிரி ஏதோ ஒரு தொல்லை. நுரையீரலில் ஓட்டை விழுந்தவர்கள்? இரண்டே பேர்!

நூற்றில் ஐந்தாறு பேருக்கு மார்பெலும்பின் நடுவே பிறவியிலேயே ஓட்டை! நேர் பின்னால் இதயம். அந்த இடத்தில் ஓர் அக்குபங்சர் புள்ளியும் உண்டு. அங்கே நேராக ஆழமாகக் குத்தவே கூடாது!

தென்கொரிய முன்னாள் அதிபர் ரோ டே-வூவுக்கு 2011-ல் விடாத இருமல். படம் எடுத்துப் பார்த்த டாக்டர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுவை செய்து எடுத்தார்கள். நுரையீரலுக்குள் இருந்தது ஒரு முழு அக்குபங்சர் ஊசி. நீளம் 6.5 சென்டிமீட்டர்!